விடியும்வரை வாய் திறவாத சிறுவன்



சாமுவேல் என்னும் சிறுவனை ஆண்டவர் இரவிலே பெயர் சொல்லி அழைத்த வரலாற்றைக் கேட்டறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இராது. மறைக்கல்வி வகுப்பில் அதைப் படமாகக் கீறிய பிள்ளைகள்கூட ஒப்புவிப்பார்கள். மூன்று முறை எழுந்தோடி, மூன்று முறையும் குரு ஏலியின் படுக்கையருகே போய் நின்றதும், நாலாம் முறை ஆண்டவருக்கே மறுமொழி சொன்னதும் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த இரவு அத்துடன் முடியவில்லை. ஆண்டவர் எதற்காக அழைத்தார், சொன்ன செய்தி என்ன, அதைக் கேட்ட சிறுவன் என்ன செய்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆலயத்தில் இதை வாசிக்கும் ஞாயிறன்றும், முதலாம் சாமுவேல் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் 10ம் வசனத்தோடு நிறுத்தி, 19ம் வசனத்துக்குத் தாவிவிடுகிறோம். இடையில் விடுபட்டுப்போகும் எட்டு வசனங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

செய்தி கசப்பானது. ஏலியின் புதல்வர் இருவர் சீலோவின் ஆலயத்திலே குருக்களாயிருந்துகொண்டு, மக்கள் கொண்டுவந்த பலி இறைச்சியைப் பலவந்தமாய்ப் பறித்தார்கள். தகப்பன் அறிந்திருந்தும் அடக்கவில்லை. அதன்பொருட்டு அந்தக் குடும்பத்துக்கு வரப்போகும் தண்டனையைத்தான் ஆண்டவர் சாமுவேலிடம் சொன்னார். சிறுவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவனை வளர்த்தவர் ஏலி; அவனுக்கு மேலானவர்; முதியவர்; கண்பார்வை மங்கியவர். அவருக்கு எதிரான செய்தி இவன் வாயில் இருக்கிறது. அவன் விடியும்வரை படுத்திருந்தான் என்கிறது வேதாகமம். தூங்கினான் என்று சொல்லவில்லை. விடிந்ததும் எழுந்து, ஒன்றும் நடவாததுபோல ஆலயக் கதவுகளைத் திறந்தான். கண்டதைச் சொல்ல அவனுக்குப் பயம்.

தன் பிள்ளைகள் விஷயத்தில் தவறிய ஏலி இந்த இடத்தில் தவறவில்லை. 'மகனே' என்று அழைத்தார். ஆண்டவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மறைக்கக்கூடாது என்று ஆணையிட்டுக் கேட்டார். நல்ல செய்தியாயிராது என்பதை அந்த முதியவர் ஊகித்திருக்கமாட்டாரா? சிறுவன் ஒன்றையும் ஒளிக்காமல் முழுவதையும் சொன்னான். ஏலி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. 'நேற்றுப் பிறந்த நீ எனக்குச் சொல்ல வந்துவிட்டாயோ' என்று கேட்கவில்லை. ஆண்டவர் சித்தப்படி ஆகட்டும் என்று ஏற்றுக்கொண்டார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், நம் காலத்திலே இந்தச் சிறுவனின் பயம் அதிகமாய்க் குடிகொண்டிருக்கும் இடம் ஆஸ்பத்திரி. அங்கே பேசாமல் விடப்படும் ஒரு சொல்லுக்கு விலை ஓர் உயிராயிருக்கலாம். செல்வந்த நாடுகளிலேயே, ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுவோரில் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு ஒருவர் அந்தச் சிகிச்சையினாலேயே ஏதோ ஒரு வகையில் தீங்கடைகிறார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அத்தீங்கில் ஏறக்குறையப் பாதி தடுத்திருக்கக்கூடியது. 2019ம் ஆண்டு தொடக்கம் செப்ரெம்பர் 17ம் திகதியை நோயாளர் பாதுகாப்புத் தினமாக அந்த ஸ்தாபனம் கடைப்பிடித்து வருவதும் இதனால்தான். அறிவுக் குறைவாலும் மருந்துக் குறைவாலும் வரும் தீங்குகள் உண்டு. ஆனால் ஒருவருக்குத் தெரிந்திருந்தும் மற்றவருக்குச் சொல்லப்படாததால், அல்லது சொல்லியும் செவிகொடுக்கப்படாததால் வரும் தீங்குகளே நமது மனச்சாட்சியோடு நேரடியாகப் பேசுகின்றன.

இங்கிலாந்தில் 2005ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த ஒன்று. எலெய்ன் புரொமிலி என்னும் 37 வயதுப் பெண், இரு சிறு குழந்தைகளின் தாய், மூக்கின் பக்கத்து எலும்புக் குழிகளில் செய்யும் ஒரு சாதாரண சத்திரசிகிச்சைக்காகப் போனார். மயக்கமருந்து கொடுத்த பின் மூச்சுப்பாதை அடைபட்டது. அங்கே நின்றவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். நீண்ட அனுபவம் உள்ள நிபுணர்கள் மூவர். தொண்டைக்குள் குழாயைச் செலுத்த முயன்றார்கள், முடியவில்லை, மீண்டும் முயன்றார்கள். இப்படி இருபது நிமிடத்துக்கு மேல் போயிற்று. இத்தகைய வேளையில் கழுத்தின் முன்புறத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யவேண்டும் என்பது வைத்தியர் யாவரும் படித்த பாடம். அந்த மூவரும் படித்ததுதான். ஆனால் ஒரே முயற்சியில் மனம் குத்திட்டு நின்றுவிட்டால் நேரம் ஓடுவது மனிதனுக்குத் தெரிவதில்லை.

தாதியருக்குத் தெரிந்தது. ஒருவர் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, ஆயத்தமாயிருக்கிறது என்று அறிவித்தார். எவரும் மறுமொழி சொல்லவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் ஒன்றுக்குச் சொல்லிவைத்து, வைத்தியர்களிடம் வந்து தெரிவித்தார். எதற்கு இந்தப் பதற்றம் என்பதுபோன்ற பார்வை வந்தது; அவர் போய் அக்கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பின்பு விசாரணையிலே, என்ன செய்யவேண்டும் என்பது தமக்குத் தெரிந்திருந்தது, அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை என்று தாதியர் கூறினார்கள். எலெய்ன் 13 நாட்களின் பின் இறந்தார்.

அவரது கணவர் மார்ட்டின் புரொமிலி விமானி. இவ்விதமான மரணத்தை ஆராய்ந்து பாடம் கற்பார்கள் என்றே அவர் எண்ணியிருந்தார். ஏனெனில் விமானத்துறையில் அப்படித்தான் நடக்கும். வழக்குப் போட்டாலன்றி ஆராய்ச்சி இல்லை என்பதைக் கேட்டுத் திகைத்தார். விடாமல் கேட்டுச் சுதந்திரமான விசாரணை ஒன்றைப் பெற்றார். அந்த வைத்தியர்களைத் தண்டிக்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்பியதையே விரும்பினார். இந்தப் பாடத்தை அறிந்த வைத்தியர்களாய் இனி அவர்கள் இருப்பார்கள் அல்லவா? 2007ம் ஆண்டில் வைத்தியத்துறையில் மனித இயல்பால் வரும் தவறுகளை ஆராயும் ஒரு சங்கத்தையும் நிறுவினார். அவருடைய சமயம் எதுவென்று நாம் ஆராயப் போகவில்லை. மன்னிப்பு என்பது நடந்ததை மூடிவிடுவது என்று நினைக்கும் நம்மவர் பலருக்கு இந்த மனிதர் நல்ல ஆசிரியர். அவர் மூடவிடவுமில்லை, பழிவாங்கவுமில்லை.

விமானத்துறை இந்தப் பாடத்தைக் கற்றதும் சும்மா அல்ல. 1977ம் ஆண்டு மார்ச் 27ம் திகதி, ஸ்பெயினுக்குரிய தெனெரீப் தீவிலே, மூடுபனியில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட்டு ஓடத் தொடங்கிய விமானத்தின் பொறியியலாளர், மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். தலைமை விமானி, அந்நிறுவனத்தில் மற்றவர்களுக்கே பயிற்சி கொடுத்தவர், விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். பொறியியலாளர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. சில வினாடிகளே மிஞ்சியிருந்தன. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், கீழுள்ளவர் தயங்காமல் சொல்லவும் மேலுள்ளவர் தயங்காமல் கேட்கவும் விமானிகள் பயிற்றப்பட்டார்கள்.

திருச்சபைக்கு இது புதிதல்ல. ஆறாம் நூற்றாண்டிலே புனித பெனடிக்ற் தமது மடத்து ஒழுங்குகளை எழுதியபோது, மூன்றாம் அதிகாரத்தில் இதைத்தான் வைத்தார். முக்கியமான காரியம் எதுவானாலும் மடாதிபதி எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்கவேண்டும், ஏனெனில் ஆண்டவர் பல வேளைகளில் இளையவனுக்கே நல்லதை வெளிப்படுத்துகிறார் என்பது அவர் காட்டிய காரணம். தீர்மானிப்பவர் மடாதிபதியே, அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கேளாமல் தீர்மானிக்க அவருக்கு உரிமை இல்லை. (மடங்களிலும் பங்குகளிலும் இந்த அதிகாரம் எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்ற கேள்வியை வாசகர்கள் எழுப்பினால், அது நியாயமான கேள்விதான்.)

இதற்குக் கைகண்ட பலனும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2008ம் ஆண்டில் 19 விடயங்களைக் கொண்ட ஒரு சிறு பட்டியலை வெளியிட்டது. சத்திரசிகிச்சைக்கு முன்னும், தோலில் கத்தி படுமுன்னும், முடிவிலும் நின்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டியவை அவை. நோயாளி இன்னார்தானா, வெட்ட வேண்டிய பக்கம் இதுதானா, ஒவ்வாத மருந்து உண்டா என்பனபோன்ற எளிய கேள்விகள். அவற்றுள் ஒன்று, அறையில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் வேலையையும் சொல்லவேண்டும் என்பது. வேடிக்கையாய்த் தோன்றலாம். ஆனால் ஒருமுறை தன் பெயரைச் சொல்லி வாய் திறந்தவர், ஆபத்து வேளையிலும் வாய் திறப்பார் என்பதே அதன் உட்கருத்து. எட்டு நாடுகளில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இதை நடைமுறைப்படுத்திப் பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்தவர் தொகை நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2009ம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. இதற்குப் புதிய யந்திரம் வேண்டியிருக்கவில்லை. ஒரு தாளும் சில நிமிடப் பேச்சும் போதுமாயிருந்தன.

இனி நோயாளி பக்கம் வருவோம். நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

1984ம் ஆண்டில் அமெரிக்காவில் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரி 18 வினாடிகளில் வைத்தியர் இடைமறித்தார் என்று கண்டார்கள். விட்டால் பேசிக்கொண்டேயிருப்பார்கள் என்ற பயம் வைத்தியருக்கு. 2002ம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலே அந்தப் பயத்தைச் சோதித்தார்கள். இடைமறிக்காமல் விட்டுப் பார்த்தால், நோயாளிகள் சராசரி 92 வினாடிகளில் தாமாகவே சொல்லி முடித்துவிட்டார்கள். ஒன்றரை நிமிடம்! பரலோக மந்திரத்தை நிதானமாய் மூன்றுமுறை சொல்லும் நேரம்.

வைத்தியர் கழுத்தில் தொங்கும் கருவியின் கதையையும் இங்கே சொல்லலாம். 1816ம் ஆண்டில் பாரிஸ் நகர ஆஸ்பத்திரி ஒன்றிலே அதைக் கண்டுபிடித்த லெனெக் பக்தியுள்ள கத்தோலிக்கர். ஒரு கடதாசியைச் சுருட்டிக் குழாயாக்கி, நோயாளியின் நெஞ்சில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிற்பாடு மரத்தால் செய்தார். கேட்பதற்கென்று பிறந்த கருவி, இன்று கேட்க நேரமில்லாதவர்களின் கழுத்தில் அடையாளச் சின்னமாய்த் தொங்குகிறது என்று சொன்னால் நம் வைத்திய நண்பர்கள் கோபிப்பார்கள். கோபிப்பதிலும் நியாயம் உண்டு. ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கும்படி அவர்களை இருத்திவிட்டு, ஏன் கேட்கவில்லை என்று கண்டிப்பது எளிது.

ஆயினும் நேரமில்லை என்ற சாட்டுக்கு நற்செய்தியிலே ஒரு மறுமொழி இருக்கிறது. யாயீரின் மகள் சாகக் கிடக்கிறாள். இயேசுநாதர் அவசரமாய்ப் போகிறார். கூட்டம் நெருக்குகிறது. 12 ஆண்டுகளாய் இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண் பின்னால் வந்து அவருடைய ஆடையைத் தொட்டுக் குணமடைகிறாள். குணம் கிடைத்தாயிற்று, அவர் தம் வழியே போயிருக்கலாம். அவர் நின்றார். தொட்டது யார் என்று கேட்டார். இந்த நெரிசலில் இது என்ன கேள்வி என்று சீடர்கள் சலித்துக்கொண்டார்கள். அவள் நடுநடுங்கி வந்து விழுந்து, உண்மை முழுவதையும் சொன்னாள் என்று மாற்கு எழுதுகிறார். முழுவதையும்! 12 ஆண்டுக் கதையை அவர் நின்று கேட்டார். யாயீர் பக்கத்தில் தவித்துக்கொண்டு நின்றிருப்பார். பல வைத்தியரிடம் போய்ச் சொத்தெல்லாம் செலவழித்தும் அவளுக்கு நோய் கூடியதேயன்றிக் குறையவில்லை என்று மாற்கு ஒளிக்காமல் எழுதியிருக்க, லூக்காவோ அந்தக் 'கூடியது' என்பதை விட்டுவிட்டார். அவர் வைத்தியர் அல்லவா? சகபாடிகளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லையோ என்று வேதபாட ஆசிரியர்கள் சிரிப்பதுண்டு.

அந்தப் பெண் நடுங்கினாலும் சொன்னாள். நாம் நடுங்கி, சொல்லாமல் வந்துவிடுகிறோம். கிளினிக்குக்குப் போய்வந்த வயோதிபரைக் கேட்டுப் பாருங்கள்.

"டொக்டர் என்ன சொன்னவர், அப்பு?"

"ஒண்டும் சொல்லேல்லை சுவாமி. மருந்தை மாத்தி எழுதித் தந்தவர்."

"ஏன் மாத்தினவர் எண்டு கேக்கேல்லையோ?"

"பெரிய மனிசர், அவரிட்டை என்னண்டு கேக்கிறது?"

இது மரியாதை என்று நினைக்கிறோம். உண்மையில் இது வைத்தியரைக் குருடராக்குவது. சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் கிளினிக்கில் மருந்து எடுப்பவர், முழங்கால் நோவுக்கென்று கடையில் தாமாகவே வாங்கிப் போடும் குளிசையைப்பற்றி வாய் திறப்பதில்லை. அந்த நோக்குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. இருதய வருத்தத்துக்கு, இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவர், தலையிடிக்கு அஸ்பிரினும் போடுவதைச் சொல்வதில்லை; இரண்டும் சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசியலாம். பரியாரியாரின் கசாயத்தைச் சொன்னால் டொக்டர் ஏசுவார் என்று ஒளிக்கிறோம். முந்தி ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்ததை, 'அது எப்பவோ நடந்தது' என்று விட்டுவிடுகிறோம். ஏசினால் ஏசட்டும்; சொல்லுங்கள். வீட்டிலுள்ள மருந்தெல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். படித்த பிள்ளை ஒருவர் கூடப் போய், டொக்டர் சொன்னதை அங்கேயே திருப்பிச் சொல்லி, 'நான் விளங்கினது சரியோ, டொக்டர்?' என்று கேட்கட்டும். நல்ல வைத்தியர் இதற்குச் சினப்பதில்லை, மனம் ஆறுதலடைவார்.

மொழி வேறாயிருந்தால் இந்தத் துன்பம் இரண்டு மடங்கு. மலைநாட்டுத் தோட்டத்துத் தாய் ஒருத்தி, தன் மொழி தெரியாத வாட்டிலே, குழந்தைக்கு எப்போது காய்ச்சல் தொடங்கியது என்பதைக் கைச்சைகையால் காட்டி நிற்பது இந்நாட்டில் அரிய காட்சியல்ல. தமிழ் அரசகரும மொழியானது 1987ம் ஆண்டிலே; சட்டம் கட்டில் அருகே வந்து சேர ஆட்கள் வேண்டும். இங்கே, நம்மிலிருந்து பிரிந்த சபையைச் சேர்ந்தவராயினும், ஒருவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 1847ம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தியதோடு நில்லாது, தாம் தமிழைக் கற்று, மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, 1860களில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். நோயாளியின் வீட்டு மொழியில் நோயைப் பேசத் தெரிந்தவனே அவனுக்கு ஏற்ற வைத்தியன் என்று அவர் கண்டிருந்தார். இன்று வடக்குக்கு வேலைக்கு வந்து, தட்டுத் தடுமாறித் தமிழ் பேசப் பழகும் சிங்கள வைத்தியர்களையும் தாதியரையும் நாம் வாழ்த்தவேண்டும். அவர்களுடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

தவறு நடந்தபின் என்ன செய்வது? இதுவே கடினமான பகுதி. நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் வைத்தியராய், தாதியராய், மருந்தாளராய் இருக்கிறார்கள். பெற்றோருக்கு அது பெருமை. அவர்களுள் எவருக்கும் ஒருநாள் கை தவறலாம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெறலாம், நல்லது. ஆனால் பழைய ஞானோபதேசமே நமக்குக் கற்பித்தது என்ன? திருடியவன் மனஸ்தாபப்பட்டால் மட்டும் போதாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சக்கேயு நாலு மடங்காய்த் திருப்பித் தருவேன் என்றான். சிகிச்சையில் தவறியவரால் போன உயிரைத் திருப்பித் தர முடியாது. அவரால் தரக்கூடியது, அந்தக் குடும்பத்துக்குரிய உண்மை. அதையும் ஒளித்துவிட்டால் அது இரண்டாவது திருட்டு.

சொன்னால் வழக்குக்கு இழுப்பார்கள், ஆஸ்பத்திரி அழிந்துவிடும் என்பார்கள். அமெரிக்காவில் லெக்சிங்ரன் நகரிலே, போர்வீரருக்கான ஆஸ்பத்திரி ஒன்று, இரண்டு பெரிய வழக்குகளில் தோற்றபின், 1987ம் ஆண்டில் எதிர்வழி ஒன்றை எடுத்தது. தன் பக்கத் தவறு என்று கண்டால், குடும்பத்தார் சந்தேகிக்காதபோதும், தானே அழைத்துச் சொல்வது, மன்னிப்புக் கேட்பது, உரிய நட்டஈட்டைத் தானே கொடுப்பது. 12 ஆண்டுகளுக்குப் பின், 1999ம் ஆண்டில் கணக்குப் பார்த்து வெளியிட்டார்கள். அதையொத்த மற்ற ஆஸ்பத்திரிகளோடு ஒப்பிடும்போது அது கொடுத்த நட்டஈட்டுத் தொகை மிதமானதாகவே இருந்தது. மக்களை வழக்குக்குத் துரத்துவது பெரும்பாலும் பணத்தாசை அல்ல. தங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்ற எரிச்சலே.

நம் பக்கத்துக்கும் ஒரு சொல். ஒரு மரணம் நேர்ந்தவுடன் உறவினரைத் திரட்டிக்கொண்டு வாட்டுக்குள் புகுவதும், தாதியைக் கைநீட்டி அடிக்கப் போவதும், கைத்தொலைபேசியில் படம் பிடித்து அரைகுறைச் செய்தியை ஊரெங்கும் பரப்புவதும் அண்மைக்காலத்தில் வளர்ந்துவிட்ட தீய வழக்கம். கல் கையிலே இருக்கும்போது எவன் உண்மையைச் சொல்வான்? விசாரணை கேளுங்கள்; எழுத்தில் கேளுங்கள்; மறுமொழி வரும்வரை விடாதீர்கள். நமது நாட்டில் முறைப்பாடுகள் கிடப்பில் போடப்படுவது உண்மையே. அதற்காக, இராக்கடமையில் தனித்து நிற்கும் ஓர் இளம் தாதியின் முகத்தில் நமது துக்கத்தை எறிவது நீதியாகாது.

கடைசியாக, ஆஸ்பத்திரிக் குற்றம் என்று சொல்ல முடியாத, முழுக்க முழுக்க நமது வீட்டுக் குற்றமான ஒன்று உண்டு. தகப்பனுக்குப் புற்றுநோய். வைத்தியர் பிள்ளைகளிடம் சொல்கிறார். பிள்ளைகள் கூடி, 'அப்பாவுக்குச் சொல்லவேண்டாம், தாங்கமாட்டார்' என்று முடிவு கட்டுகிறார்கள். தாய்க்கும் மறைக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் பேசி, 'வயிற்றுப் புண்தான், மாறிவிடும்' என்கிறான். அப்பா நாளுக்கு நாள் மெலிகிறார். அவருக்குத் தெரியாதா? தெரியும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவரும் தெரியாததுபோல் இருக்கிறார். ஒரே கூரையின் கீழ் அன்பு மிகுந்தவர்கள் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருக்கிறார்கள். காணி விஷயம் பேசப்படவில்லை. கோபித்துப் போன தம்பியாரை அழைக்கவில்லை. மனைவியிடம் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. குருவானவரை அழைத்தால் அப்பா பயந்துவிடுவாராம். இறுதியில் நினைவு தப்பி, மூச்சு இழுக்கும்போதுதான் மேற்றிராசனத்தின் எந்த மூலையிலும் இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டப்படுகிறது.

அன்பான பிள்ளைகளே, இது இரக்கமல்ல. நோயில் பூசுதல் சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரிய அருட்சாதனம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. இன்னும் நம் வீடுகளில் எண்ணெய்ச் சிமிழைக் கண்டால் மரண ஓலைபோல் நடுங்குகிறார்கள். உண்மையை அப்பாவின் தலையில் பாறாங்கல்போல் போடும்படி நாம் சொல்லவில்லை. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். குருடனான பர்த்திமேயுவைப் பார்த்து, உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசுநாதரே கேட்கவில்லையா? அவன் குருடன் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆயினும் அவன் வாயால் கேட்க அவர் விரும்பினார். கட்டிலருகே ஒரு கதிரையைப் போட்டு இருந்து, 'அப்பா, உங்களுக்கு எப்படி இருக்கு, என்ன யோசிக்கிறியள்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் தொடங்குவார். காது கேட்பதைவிட இதயம் கேட்கவேண்டும் என்பதையே மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2022ம் ஆண்டு சமூகத் தொடர்பு நாளுக்குரிய செய்தியின் பொருளாக எடுத்தார்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992ம் ஆண்டில் ஏற்படுத்திய உலக நோயாளர் தினம், லூர்து மாதாவின் திருநாளாகிய பெப்ரவரி 11ம் திகதியில் வருகிறது. அன்று பூசையில் நோயில் பூசுதல் பெறுவதற்காக, உங்கள் வீட்டு வருத்தக்காரரின் பெயரை இப்போதே பங்குக் குருவிடம் கொடுத்து வையுங்கள். கொடுக்குமுன் வருத்தக்காரரையும் கேளுங்கள். ஆலயத்துக்கு வர முடியாதவரிடம் குருவானவர் வீட்டுக்கே வருவார். அவர் வந்ததும் தேநீர் வைக்க ஓடாமல், வருத்தக்காரர் அவரோடு தனியே பேசும்படி அறைக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டார் எல்லாரும் சற்று நேரம் முற்றத்தில் இருங்கள்.